சுவரும் சித்திரமும்
(அபே நாடகசாலை வரலாறு தரும் படிப்பினை)

"சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உடல்நலம் பேணாதவனைக் கண்டிக்கும்போதே இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். ஆயின், இதனை அதன் நேர்ப்பொருளிலேயே வைத்து எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கூத்தனுக்கு ஆடக் களம் வேண்டும்; பாடகனுக்குப் பாட அவை வேண்டும்; ஓவியனுக்குத் தன் படைப்பை மாட்டிவைக்க மழைநீர் கசியாத சுவர் வேண்டும். இலாபங் கருதாது கலை வளர்க்கும் சங்கங்களுக்கு இந்தச் சுவரைக் கட்டிக் கொடுப்பவர் யார்? கட்டிய பின் அதனைக் காத்துக் கொடுப்பவர் யார்? காப்பவர் தம் உதவிக்கு ஈடாகக் கேட்பது யாது? இம்மூன்று வினாக்களையும் உளங்கொண்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இவ்வினாக்கள் எம் உள்ளத்தில் எழுந்தமைக்குச் சிறு நிகழ்ச்சி ஒன்று காரணம். பாடசாலை மாணவராய் இருந்த காலத்தில், ஊர்ப் பொதுமண்டபம் ஒன்றிலே நாடக ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தோம். மார்கழி மாதத்து மழை. அரசன் கொலுவீற்றிருக்கும் காட்சியின் நடுவே கூரை ஒழுகத் தொடங்கிற்று. மந்திரி வேடந் தாங்கிய நண்பர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார். நாள் முழுதும் இருந்து நாம் வண்ணந் தீட்டிய திரைச்சீலை நனைந்து கரைந்தது. வாசலிலே பளிங்குக் கல் ஒன்று பதித்திருந்தது. அடிக்கல் நாட்டிய பெரியவர் பெயரும், திறந்துவைத்த பெரியவர் பெயரும், பொருளுதவியோர் பெயர்களும் அதிற் பொன்னெழுத்தில் மின்னின. ஓடு மாற்றியவர் பெயர் மட்டும் இல்லை. ஓடு மாற்றியவர் எவரும் இலராதலின், அதற்காக அக்கல்லைக் குறை கூறுதல் தகாது.

பின்னர் ஆங்கில இலக்கியம் பயிலும்போது யேற்ஸ் என்னும் ஐரிஷ் கவிஞரின் நாடகங்களைக் கற்றோம். அவர் கவிதையிற் பெற்ற இன்பத்திற் குறையாத இன்பத்தை, அவரும் அவர் தோழரும் ஒரு நாடகசாலையைப் பெற்ற கதையிலே கண்டோம். பெற்றதனைக் காத்த கதையும், காத்ததனைத் தீக்கு இழந்த கதையும், இழந்ததனை மீளப் பெற்ற கதையும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. டப்ளின் நகரத்து அபே நாடகசாலையின் கதை அது. மேற்சொன்ன மூன்று வினாக்களுக்கும் அதிலே விடை உண்டு.

மனையில்லாக் கலைஞர்

1899 ஆம் ஆண்டிலே டபிள்யூ. பி. யேற்ஸ், கிரெகரி சீமாட்டி, எட்வேட் மாட்டின் ஆகிய மூவரும் ஐரிஷ் இலக்கிய நாடகமன்றம் என ஒன்றை நிறுவினர். அயர்லாந்து அப்பொழுது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டு நாடகமேடையிலே ஐரிஷ்காரர் என்றாற் குடித்து உளறும் கோமாளி என்பதே வழக்கமாய் இருந்தது. அவ்விழிவைப் போக்கித் தம்மவர் வாழ்வைத் தம்மவர் மொழிநடையிலே மேடையேற்ற வேண்டும் என்பது இம்மூவரின் வேட்கை.

வேட்கை இருந்தது, வீடு இல்லை. வீடு மட்டுமன்று, சட்டமும் இடங்கொடுக்கவில்லை. டப்ளினிலே அரச பட்டயம் பெற்ற நாடகசாலைகளிலன்றி வேறெங்கும் நாடகம் நடத்தலாகாது என்பது பழைய சட்டம். அப்பட்டயம் பெற்றவையோ ஊதியங் கருதி இயங்கிய பெரிய சாலைகள். அவற்றை வாடகைக்கு எடுக்கும் வலிமை இம்மன்றத்துக்கு இல்லை. கிரெகரி சீமாட்டி பாராளுமன்றத்தினருடன் வாதாடி, 1898 ஆம் ஆண்டிலே சட்டத்திற் சிறு திருத்தம் ஒன்றைப் பெற்றார். இலக்கிய நோக்குடைய ஆட்டங்களைச் சாதாரண மண்டபங்களிலும் உத்தரவு பெற்று நடத்தலாம் என்பது அத்திருத்தம். கலைக்கு இடந்தேடுவோர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் தேடுமுன் சட்டப் புத்தகத்தைப் புரட்டவேண்டியிருக்கும் என்பது இதனாற் புலனாகும். 1899 மே மாதத்திலே ஓர் இசைமண்டபத்தில் முதல் நாடகங்கள் நடைபெற்றன.

இஃது இவ்வாறாக, டப்ளினிலே வில்லியம் பே, பிராங்க் பே என்னும் சகோதரர் இருவர் வேறொரு நாடகக்குழு நடத்தி வந்தனர். மூத்தவர் கணக்கர் அலுவலகத்திற் பணிபுரிந்தவர். இளையவர் மின்சார வேலை செய்தவர். அவர்தம் நடிகரும் பகலெல்லாம் கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து, இரவிலே ஒத்திகைக்கு வருபவர்கள். இக்குழுவும் யேற்ஸ் முதலியோரும் ஒன்றுசேர்ந்தனர். 1902 இற் கம்டன் தெருவிலே சிறு மண்டபம் ஒன்றை அவர்கள் வாடகைக்கு எடுத்தனர். அதன் மேடை ஒடுங்கியது, குளிர் பொறுக்க முடியாதது, கூரை ஒழுகுவது. சிலநாள் ஆட்டத்தின் பின் அதனை ஒத்திகைக்கு மாத்திரம் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு வேறு மண்டபம் தேடிச் சென்றார்கள். அவ்வொழுகுங் கூரையைப்பற்றிப் படித்தபோது எமக்கு எமது வாளி நினைவுக்கு வந்தது.

தேயிலை தந்த அரங்கு

தேயிலை என்றால் நம் நாட்டவர் செவிசாய்ப்பர். அபே நாடகசாலை தேயிலைப் பணத்தாற் பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. ஜோன் ஹோர்னிமன் என்பவர் 1826 ஆம் ஆண்டளவில், தேயிலையைப் பொதிகளில் அடைத்து விற்கும் முறையைத் தொடக்கிப் பெரும்பொருள் ஈட்டிய ஆங்கில வணிகர். அவர் மகன் பிரெடெரிக், தாம் தேடிச் சேர்த்த அரும்பொருள்களுக்கு இலண்டனிலே ஒரு நூதனசாலை கட்டி, 1901 இல் அதனை மக்களுக்கே கொடுத்துவிட்டார். பிரெடெரிக்கின் மகளே அன்னி ஹோர்னிமன் அம்மையார். கட்டிக் கொடுக்குங் குணம் அக்குடும்பத்திலே வழிவழி வந்தது போலும்!

அம்மையார் யேற்ஸின் நண்பர். நாடகத்தில் அளவிறந்த பற்றுடையவர். 1903 இல் யேற்ஸின் நாடகம் ஒன்றுக்கு வேண்டிய உடைகளைத் தாமே வகுத்துக் கொடுத்தார். 1904 ஏப்பிரலில், டப்ளினிலே குழுவினருக்கென ஒரு சிறு நாடகசாலையை ஆக்கித் தருவதாகவும், அதனை வாடகையின்றிப் பயன்படுத்தலாம் என்றும் கடிதம் எழுதினார்.

அவர் தேர்ந்த இடம் விசித்திரமானது. கீழ் அபே தெருவிலே, தொழிலாளர் கல்விக்கென ஏற்பட்ட நிலையம் ஒன்றுக்குரிய பழைய மண்டபம் இருந்தது. தீப்பாதுகாப்புப் போதாதென அதிகாரிகள் அதனை மூடிவைத்திருந்தனர். அதனை அடுத்திருந்த கட்டடமோ ஒருகாலத்தில் நகரத்துப் பிரேதசாலையாய் இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி 562 ஆசனங்கள் கொண்ட அரங்கமாக மாற்றும் பொறுப்பு ஜோசப் ஹொலோவே என்னுங் கட்டடக் கலைஞரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போனவரல்லர். வாழ்நாள் முழுதும் அவ்வரங்கின் நாடகங்களை வந்து பார்த்துப் பெரிய நாட்குறிப்பாக எழுதிவைத்தவர். தான் கட்டிய வீட்டிலே தானே விருந்தினனாய் இருந்து பார்க்கும் கட்டடக்காரன் கிடைத்தல் அரிது. முன்மண்டபத்தை அழகு செய்த வண்ணக் கண்ணாடியும், செப்புச் சட்டமிட்ட முகம்பார்க்கும் கண்ணாடிகளும் அந்நாட்டுக் கைவினைஞராற் செய்யப்பட்டவை. யேற்ஸின் தந்தையார் தீட்டிய உருவப்படங்கள் சுவரை அலங்கரித்தன.

பட்டயம் பெறுதல் எளிதாய் இருக்கவில்லை. நகரிலிருந்த மூன்று பெரிய நாடகசாலைகளும் எதிர்த்து வழக்காடின. இறுதியிற் கிடைத்த பட்டயமும் கிரெகரி சீமாட்டியின் பெயரிலேயே எழுதப்பட்டது. ஹோர்னிமன் அம்மையார் அயர்லாந்தில் வாழ்பவரல்லர் என்பது காரணம். வீடு ஒருவர் பெயரில், உத்தரவு இன்னொருவர் பெயரில், உழைப்பு வேறு பலருடையது. 1904 டிசெம்பர் 27 ஆந் தேதி அரங்கு திறக்கப்பட்டபோது மகிழ்ச்சி மிகுதியில் இதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. பின்னர் எண்ணவேண்டி வந்தது.

கொடுத்த கையும் கட்டிய கையும்

அம்மையார் தாராள மனத்தினர். கட்டடச் செலவோடு நில்லாது, நடிகர் சம்பளத்துக்கும் பொறுப்பேற்றார். அதனாற் பகல்வேலையை விட்டு முழுநேரமும் நடிக்கச் சிலரால் முடிந்தது. ஆயின், அவர் கொடைக்கு நிபந்தனைகளும் உண்டு. ஆறு பென்சு ஆசனங் கூடாது, ஆகக் குறைந்த கட்டணம் ஒரு சிலிங்காய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஏழைத் தொழிலாளர் நிறைந்த நகரிலே, மக்களுக்கென எழுந்த நாடகசாலையின் வாசலை அந்நிபந்தனை பாதி அடைத்துவிட்டது. 1906 இலேயே அது தளர்ந்தது. அரசியல் கூடாது என்பது மற்றொன்று. நாடு விடுதலைக்குத் துடிக்குங் காலத்தில், தேசிய நாடகசாலை என்று பெயர் வைத்துக்கொண்டு அரசியல் வாசனையே இல்லாமல் இருப்பது எங்ஙனம்?

பிணக்கு முற்றியது 1910 ஆம் ஆண்டில். மே 6 ஆந் தேதி இரவு ஏழாம் எட்வேட் மன்னர் மறைந்தார். மறுநாள் டப்ளினின் ஏனைய நாடகசாலைகள் மூடப்பட்டன. அபேயின் மனேச்சராய் அன்றிருந்தவர் லெனக்ஸ் றொபின்சன். வயது 23, ஏறக்குறைய எம் வயதினர். என்செய்வதென அறியாது கிரெகரி சீமாட்டிக்குத் தந்தி அடித்தார். மூடுவதே மரியாதை என்ற பதில் வந்துசேரும்போது காலங் கடந்துவிட்டது, ஆட்டம் நடந்தது. இதனை அரசியற் செயல் என்றே ஹோர்னிமன் அம்மையார் கொண்டார். உதவித்தொகை நின்றது. வழக்கு ஒரு பத்திராசிரியரின் நடுத்தீர்ப்புக்குச் சென்று, அபேக்குச் சார்பாக முடிந்தது. ஆயினும் அம்மையார் உள்ளம் ஆறாமையால், தீர்ப்பாகிய பணத்தைப் பெறுவதில்லை என யேற்ஸும் கிரெகரியும் விட்டுவிட்டனர். கட்டடத்தை 1,000 பவுணுக்கு அவர்கள் வாங்கிக்கொண்டதும் இக்காலத்திலேயே.

இங்கே ஒருவரையும் பழித்தல் எம் நோக்கமன்று. அம்மையார் இல்லையேல் அபே இல்லை. இங்கிலாந்திலே மாஞ்செஸ்ரர் நகரத்துக்கு நிலையான நாடகக்குழுவும் அரங்கும் அமைத்துக் கொடுத்த புகழும் அவருக்கே உரியது. ஆயினும் ஒன்றைக் கூறாமல் விடுதல் உண்மைக்கு மாறு. ஒரே கையால் தாங்கப்படும் வீடு, அந்தக் கை அசையும்போதெல்லாம் அசையும். ஒரு தந்தி பிந்தியமையால் ஒரு நாடகசாலையின் வாழ்வு தள்ளாடிற்று என்றால், பிழை தந்தியினது அன்று, ஏற்பாட்டினது.

வீடு தம்முடையதான பின் செலவுந் தம்முடையதாயிற்று. விளக்குக்கும் கரிக்கும், சாயத்துக்கும் பழுதுபார்த்தலுக்கும் பணந் தேடவேண்டியிருந்தது. யேற்ஸ் விரிவுரை நிகழ்த்திப் பொருள் சேர்த்தார். நடிகர் அமெரிக்கா சென்று ஆடினர். கிரெகரி சீமாட்டி நாடகம் எழுதினார், கணக்குப் பார்த்தார், இரசிகரை வரவேற்றார். தம் ஊரிலிருந்து பெரிய பழரொட்டி கொணர்ந்து மேடைக்குப் பின்னால் நடிகருக்குப் பகிர்ந்தார். வீட்டைக் கட்டுவதற்குச் செல்வர் வேண்டும். நடத்துவதற்கு இத்தகைய தாய்மார் வேண்டும்.

இன்னும் ஒன்று. அவ்வீடு அவர்களுக்கு மாத்திரம் பயன்பட்டதன்று. 1913 மே 17 ஆந் தேதி, இரவீந்திரநாத தாகூரின் "தபால் நிலையம்" என்னும் நாடகம் அபே மேடையில் ஆங்கிலத்தில் நடிக்கப்பட்டது. பாட்றிக் பியேர்ஸ் என்பவர் நடத்திய பாடசாலைக்கு நிதி சேர்க்க நடந்த ஆட்டம் அது. தாகூர் நோபெல் பரிசு பெற்றது அதே ஆண்டின் பிற்பகுதியில். வங்கக் கவியின் நாடகம், ஐரிஷ் பாடசாலை ஒன்றின் கடன் தீர்க்க, தேயிலைப் பணத்தில் எழுந்த அரங்கில் நடந்தது! ஓர் அரங்கு ஊரில் இருந்தால், அதன் நிழலில் வேறு எத்தனையோ அறங்கள் தங்கும் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

அரசின் கை

தனியார் கொடை போயிற்று. மக்கள் ஆதரவு ஏறியும் இறங்கியும் வந்தது. விடுதலைப் போர்க்காலத்தில், 1920-21 இல், ஊரடங்குச் சட்டம் இரவு ஆட்டத்தை முடக்கியபோது கடன் பெருகிற்று. சோன் ஓ கேசி என்னுந் தொழிலாள எழுத்தாளரின் நாடகங்கள் 1923, 1924 ஆம் ஆண்டுகளில் அரங்கை நிரப்பி ஓரளவு மூச்சுவிடச் செய்தன. ஆயினும், ஒரு நல்ல நாடகத்தை நம்பி ஒரு கட்டடத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

யேற்ஸும் கிரெகரியும் புதிதாய்ப் பிறந்த ஐரிஷ் அரசை நாடினர். 1925 இல் நிதியமைச்சர் ஏணஸ்ற் பிளைத் 850 பவுண் மானியம் ஒதுக்கினார்; அடுத்த ஆண்டில் அது 1,000 பவுண் ஆயிற்று. ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே அரசின் ஆண்டு மானியம் பெற்ற முதல் நாடகசாலை அபேயே எனக் கூறுவர். ஒரு பெரிய செல்வர்க்கு அது சிறு தொகை. ஆனால், ஆண்டுதோறும் வரும் சிறுதொகை, ஒருமுறை வரும் பெருந்தொகையினும் சிறந்தது என்பதனைக் கூரை பழுதுபார்த்தவர் அறிவர். 1927 இல் அதே வளாகத்திலே 102 ஆசனங்கொண்ட பீகொக் என்னுஞ் சிற்றரங்கும் எழுந்தது. புதுமுயற்சிகளைச் சிறுசெலவிற் செய்துபார்க்க அது நாற்றங்கால் போலாயிற்று.

அரசின் கையிலும் ஒரு கயிறு இருந்தது. மானியத்தோடு அரசின் சார்பில் ஒரு பணிப்பாளரும் வந்தார். 1925 இல் ஓ கேசியின் "கலப்பையும் விண்மீன்களும்" என்னும் நாடகத்தை மேடையேற்ற எடுத்துக்கொண்டபோது, அதிலுள்ள சில பகுதிகள் மானியத்துக்கே கேடு விளைக்கும் என அவர் தடுத்தார். ஒரு பாட்டு நீக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்கப்பால் இணங்க மறுத்தனர் பழையவர். மானியமா சுதந்திரமா என்ற கேள்வி வருமாயின், மானியத்தை விட்டுச் சுதந்திரத்தையே கொள்வோம் என்பது கிரெகரி சீமாட்டியின் நிலை. அப்பொழுது அவருக்கு வயது 73. நாடகம் 1926 பெப்ரவரி 8 ஆந் தேதி அரங்கேறிற்று. நான்காம் நாள் அவையிலே பெருங்கலகம் விளைந்தது. மேடையில் நின்று யேற்ஸ் அவையினரைக் கண்டித்தார். மானியம் நிற்கவில்லை. இம்முறை நாடகசாலை தள்ளாடாதது ஏன்? வீடு அரசினுடையதன்று, கலைஞருடையது. ஒழிந்தாற் பணம் ஒழியும். வீடு ஒழியாது என்ற துணிவே அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது என்பது எம் துணிபு.

தீயும் இரவல் வீடும்

1951 யூலை 17 ஆந் தேதி இரவு, அபேயில் நடந்த நாடகம் அதே "கலப்பையும் விண்மீன்களும்". டப்ளின் நகரம் தீப்பற்றி எரிவதோடு முடியும் நாடகம் அது. அவையினர் வீடு சென்றபின், விடியுமுன், மெய்யாகவே தீப்பிடித்தது. 47 ஆண்டுகளாக நின்ற அரங்கு சில மணிநேரத்திற் பாழாயிற்று. உருவப்படங்கள் பலவற்றைக் காப்பாற்றினர். தீக்குத் தப்பிய பீகொக் சிற்றரங்கிலே மறுநாளிரவே அந்நாடகத்தைத் தொடர்ந்து நடித்தனர் நடிகர். இச்செய்தியைப் படித்தபோது எம் கண்கள் கலங்கின.

சில வாரத்தில் அவர்கள் குவீன்ஸ் என்னும் பழைய பெரிய நாடகசாலைக்குக் குடிபெயர்ந்தனர். தற்காலிகம் என்று சென்றவர்கள் 1966 வரை அங்கேயே இருந்தார்கள். இக்காலத்துக் கதையே நாம் சிறப்பாகக் கருத்தூன்ற வேண்டியது. குவீன்ஸ் பாட்டுக்கும் களியாட்டுக்கும் என அமைந்த விசாலமான இடம். அதனை நிரப்புவதற்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு எளிய நகைச்சுவை வேண்டும். செலவைத் தேட ஒரே நாடகம் பல வாரம் ஓடவேண்டும். வாரந்தோறும் நாடகத்தை மாற்றிப் புதியதைத் துணிந்து செய்துபார்த்த குழு, இரவல் வீட்டின் வாடகைக்கும் அளவுக்கும் ஏற்பத் தன் கலையையே மாற்றிக்கொண்டது. அக்காலத்து அபேயின் தரம் தாழ்ந்தது எனத் திறனாய்வாளர் பலர் குறைகூறுவர். நடிகரிடத்துத் திறமை குறையவில்லை. நீர் தான் நிற்கும் பாத்திரத்தின் வடிவைக் கொள்வதுபோலக் கலையும் தான் தங்கும் வீட்டின் வடிவைக் கொள்ளும். எனவே, கலைச்சங்கத்துக்கு வீடு எதற்கு, எங்கேனும் வாடகைக்கு எடுத்து ஆடலாமே என்பார்க்கு இப்பதினைந்து ஆண்டுகளே விடை.

புதுமனையும் பழங்கற்களும்

புதிய அரங்கின் அடிக்கல்லை 1963 செப்டெம்பர் 3 ஆந் தேதி குடியரசுத் தலைவர் டி வலரா நாட்டினார். மைக்கல் ஸ்கொற் வகுத்த கட்டடம் 1966 யூலை 18 ஆந் தேதி, தீப்பிடித்து சரியாகப் பதினைந்து ஆண்டு நிறைந்த அன்று, திறக்கப்பட்டது. 628 ஆசனங்கள். புதிய பீகொக் அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது. இம்முறை கட்டியது அரசின் பொருள்.

கதை இத்துடன் முடிந்தது எனச் சுபம் போட்டுவிடலாம் என எண்ணினோம். முடியவில்லை. புதுமனையும் பழையதாகும் அன்றோ! மண்டபத்தின் அமைப்பு நடிகரையும் இரசிகரையும் பிரித்துவைக்கின்றது என்ற குறை நெடுநாள் இருந்து, 2007 இல் ஆசனப் பகுதியை முற்றாக மாற்றியமைத்தனர். இடம் போதாமையால், வேறிடம் போவதா இருந்த இடத்திலே விரிவதா என்ற வாதம் ஆண்டுக்கணக்காய் நடந்தது. 2012 இல் அயலிலிருந்த கட்டடங்களை வாங்கினர். கலைக்கு வீடு கட்டுதல் ஒருநாளில் முடியும் திருமணம் அன்று. திருமணத்தின் பின் வரும் நெடிய இல்லறம் அது.

மறக்கவொண்ணாத செய்தி ஒன்றையுஞ் சொல்லவேண்டும். எரிந்த பழைய அரங்கின் முகப்பை இடித்தபோது, டாகி ஹான்லி என்னுங் கட்டடக் கலைஞர் அக்கற்களை வீசவிடாமற் பெற்று, இலக்கமிட்டு, தம் தோட்டத்திலே பல்லாண்டு காலம் அடுக்கிவைத்திருந்தார். திறப்புவிழாக் கல்லிற் பெயர் பொறிக்கப்பெற விரும்புவோர் பலர். பெயரில்லாத கற்களைத் தோட்டத்திற் காப்பவர் எத்தனை பேர்?

நாம் கொள்ளவேண்டியது

நம் நாட்டிலும் நற்கொடைகள் இல்லாமல் இல்லை. புகைப்படக் கலைஞரும் இசைக்கலைஞருமாகிய லயனல் வென்ற் 1944 இல் மறைந்தபின், அவர் வாழ்ந்த மனையிடத்திலே அவர் நினைவாக எழுந்த அரங்கு 1953 இற் கொழும்பிலே திறக்கப்பட்டது. மும்மொழி நாடகமும் ஏறிய மேடை அது. ஒரு மனிதர் வாழ்ந்த இடம் பல தலைமுறைக் கலைஞரின் வீடாதல் எத்துணைச் சிறப்பு!

ஆயின், அபேயின் கதையை முடித்தபோது எம்மனம் இன்னொரு பக்கம் திரும்பிற்று. கட்டுவது ஒன்று, காப்பது வேறொன்று என்ற உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதே அது. கோயிலைக் கட்டிய அரசன் பெயரோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பாலஸ்தாபனம் செய்து, பழுதுபார்த்து, வர்ணந் தீட்டிக் கும்பாபிஷேகஞ் செய்தல் வேண்டும் என்று விதித்தனர். பழுதுபார்த்தலையே ஒரு திருவிழா ஆக்கிவிட்டனர்! ஒருவர் கையை நம்பாது, ஒவ்வொரு திருவிழாவையும் ஒவ்வோர் உபயகாரருக்குப் பகிர்ந்தனர். ஒருவர் விலகினாலும் விழா நிற்காது. விளக்குக்கும் நெய்வேத்தியத்துக்கும் வயலையும் தோப்பையும் தருமசாதனஞ் செய்து உறுதியில் எழுதிவைத்தனர். கொடுத்தவர் மனம் மாறினாலும் விளக்கு அணையாது. ஹோர்னிமன் அம்மையாரின் கொடையில் இல்லாதிருந்தவை இம்மூன்றுமே.

இந்த முறையை நம் கலைமண்டபங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் ஏன் கொள்ளலாகாது? மண்டபத்தின் உறுதி தனியொருவர் பெயரில் இன்றி, அதிலே பணிசெய்யுஞ் சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். கட்டுவதற்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கைத் தொடாது வைப்பிலிட்டு, அதன் வட்டியால் ஆண்டுதோறும் ஓடு மாற்றல் வேண்டும். கொடையாளர் பலராயும், தொகை சிறிதாயினும் தவறாது வருவதாயும் இருத்தல் வேண்டும். அரசினர் தந்தால் நன்றியுடன் ஏற்போம். மேடையில் என்ன பேசுவது என்பதை மாத்திரம் நாமே தீர்மானிப்போம்.

இளைஞராகிய எம்மிடம் பணம் இல்லை. ஆயின், மழைக்காலத்துக்கு முன் ஏணி வைத்து ஏறக் கால்கள் உண்டு. உடைந்த ஓட்டை எடுத்துப் புது ஓடு வைக்கக் கைகள் உண்டு. எழுதிய சித்திரம் அழியாமல் இருக்கவேண்டுமாயின், முதலில் சுவரைக் காப்போம். வருகின்ற ஐப்பசிக்கு முன் எமது ஊர் மண்டபத்தின் கூரையில் ஏறுவதென நண்பர் சிலர் தீர்மானித்திருக்கின்றோம். அன்று வாளியுடன் ஓடிய மந்திரியாரும் உடன் வருவதாக வாக்களித்துள்ளார்.